மாதிரி

செக்கானூரணியில் பஸ் திரும்பும் முக்குக்குப் பின்னால்
எங்கள் பள்ளிக்கூடம்.
ஒன்பதாம் வகுப்பு, ஏ-யும் பி-யும் சேர்த்து
எண்பத்தாறு வாக்காளர்கள்.
எனக்கு விழுந்த வேலை கருத்துக்கணிப்பு.

நாற்பது பேரைக் கேட்டால் போதும் என்றார் எஸ்தர் டீச்சர்.
ஒரு பானைக்கே ஒரு சோறு பதம்;
நாற்பது தாராளம் என்று நானும் நினைத்தேன்.

லோகித்துக்குக் கிரிக்கெட் மட்டை சின்னம்.
அவன் அப்பா உசிலம்பட்டி ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை.
கூலிங் கிளாஸோடு பத்தடிக்கு நின்றான்,
தலைக்குப் பின்னால் சிங்கம்,
காலடியில் எங்கள் வகுப்புப் பையன்கள் பதினாறு பேர்
ஸ்டாம்பு அளவில்.

ஆசிக் ராஜாவுக்குத் தண்ணீர் பாட்டில்.
ஆண்டுவிழாவுக்குப் பிரியாணி என்றான்.
யார் காசு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பவுன்தாய் கேட்ட சின்னம் பட்டியலில் இல்லை.
அவளே பென்சிலால் வரைந்தாள்.
துப்பாக்கியா என்றார்கள்,
தண்டவாளமா என்றார்கள்.
தாழ்ப்பாள்.

"பொம்பளப்பிள்ளைக கக்கூசுக்கு
உள்பக்கம் ஒரு தாழ்ப்பா."
பேச்சு அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.
கடைசி பெஞ்சு தாளம் போட்டது.
இரண்டு நாளைக்கு அவள் நடந்தால்
'டொக்கு டொக்கு' என்று நாக்கைத் தட்டினாய்ங்க.
நாங்களும் சிரித்தோம்,
வாயைப் பொத்திக்கொண்டு.

குழாயடியில் கேட்டேன், சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டேன்,
முட்டை வாங்கும் வரிசையில் கேட்டேன்.
பதில் சொல்லுமுன் எல்லாரும்
பின்னால் நிற்பது யார் என்று பார்த்தார்கள்.

இன்டர்வெல்லில் எனக்காகக் கதவைக்
காலால் முட்டுக்கொடுத்து நிற்பவள் நாகஜோதி.
அவளுக்கு நான் நிற்பேன்.
அந்த நாகஜோதி சொன்னாள்:
"லோகித்துதான்டி."
தேவைக்குமேல் சத்தமாய்.

மட்டை இருபத்துநாலு. பாட்டில் பதினொன்று.
தாழ்ப்பாள் மூன்று. தெரியாது என்றவர் இரண்டு.
நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.
லோகித் எனக்கொரு பால்பன் வாங்கித் தந்தான்.
தின்றேன்.

வாக்குச்சாவடி என்பது
மேப் மாட்டும் ஸ்டாண்டில் தொங்கிய
லேபின் கறுப்புத் துணி.
உள்ளே ஒரு ஸ்டூல், நூல் கட்டிய பென்சில்,
எட்டாய் மடித்துப் போட ஒரு பிஸ்கட் டின்.
அந்தத் துணிக்குப் பின்னால் போனபோது
எனக்காக யாரும் வெளியே கால் முட்டி நிற்கவில்லை.
ஆனாலும் பூட்டியிருந்தது.

எண்ணினோம்.
தாழ்ப்பாள் நாற்பத்தொன்று.
மட்டை இருபத்தெட்டு, பாட்டில் பதினைந்து.
செல்லாதது இரண்டு: ஒன்றில்
மூன்றுக்கும் டிக், இன்னொன்றில் 'புரோட்டா'.

வகுப்பில் பெண்கள் முப்பத்தொன்பதுதான்.
பையன்கள் ஒருவரையொருவர்
ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.
குறைந்தது இரண்டு பேர்.
யாரென்று இன்றுவரை தெரியாது.

பவுன்தாய் எழுந்து, "எப்ப போடுவீங்க சார்?" என்றாள்.
"இது மாதிரித் தேர்தல்தாம்மா" என்றார் ஹெச்.எம்.
"கதவு மாதிரி இல்லையே சார்."
பார்க்கலாம் என்றார்.
பார்க்கிறார்கள்.

இப்போதைக்கு லோகித்தே
தன் ஃபிளெக்ஸை நாலாய் மடித்துக் கொண்டுவந்தான்.
கக்கூஸ் வாசலில் சணலால் கட்டியிருக்கிறோம்.
சிங்கம் உள்பக்கம்.
கூலிங் கிளாஸ் ரோட்டைப் பார்த்தபடி.

கணிப்பு ஏன் தவறியது, ஒரு பக்கம் எழுது
என்றார் டீச்சர்.
சோறு பொய் சொல்லாது, நாங்கள் சொல்வோம்
என்று எழுதி அடித்துவிட்டு
'மாதிரியின் அளவு போதவில்லை' என்று எழுதினேன்.
பத்துக்கு எட்டு.

நோட்டைப் புரட்டினால்
லோகித் பெயருக்குக் கீழே இருபத்துநாலு கோடுகள்.
முதல் கோடு என்னுடையது.
அன்று காலை, பக்கத்தில் ஆள் எட்டிப்பார்க்க
என்னையே நான் கேட்டுப் போட்டது.
பேனாவில் போட்டது.